பெட்டி மூடியதால் ஸ்கோப் சரியென்று நம்பாதீர்கள்

சென்ற மாதம் சுடுதளத்தில் அடுத்த மேசையில் இருந்த இளைஞர், 600 கெஜ இலக்கில் குண்டுகள் தாழவே விழுகின்றன என்று மூன்றாம் முறையாகத் தோட்டா வகையை மாற்றிக்கொண்டிருந்தார். ரைஃபிளின் மேல் பூட்டும் குறிநோக்கியான ஸ்கோப்பைச் சரிபார்க்காமல் மற்றவற்றைச் சந்தேகிக்கும் அதே பிழையில் ஒரு கோடைக்காலம் முழுவதையும் தொலைத்தவன் என்பதால் இதை எழுதுகிறேன். திருகை இறுக்க மறப்பது போன்றவை முதல் நாளே தெரிந்துவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

பெரிதாக்கத்துக்குக் காசு கொடுப்பது

மலிவு ஸ்கோப்பில் 24 மடங்கு என்ற எண் ஆசை காட்டும். வெயில் ஏறிவிட்டால் கானல் அந்த மடங்கில் இலக்கையே கலங்கடித்துவிடும். நான் பெரும்பாலும் 14 மடங்குக்குக் கீழிறங்கி விடுகிறேன். பார்க்க வேண்டியது டரட்டின், அதாவது குறியை ஏற்றி இறக்கத் திருப்பும் குமிழின், மொத்த ஓட்டம். 100 கெஜத்தில் சீரோ வைத்த (குறியும் குண்டும் ஒரே இடத்தில் விழும்படி சரிசெய்த) .308 ரைஃபிள் 1000 கெஜத்தை எட்டச் சுமார் 11 மில் (ஒரு மில் என்பது தூரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு நகர்த்தும் கோணம்) ஏற்ற வேண்டியிருக்கும். மொத்தம் 15 மில் ஓடும் ஸ்கோப்பில் மேல்நோக்கிக் கிடைப்பது ஏறத்தாழ பாதிதான். ஸ்கோப்பைப் பூட்ட 20 மினிட் (ஒரு மினிட் என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு) சாய்வுள்ள அடித்தளம் வைத்தால் இன்னும் 5.8 மில் கிடைக்கும்.

பெட்டிச் சோதனையோடு நிறுத்துவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். 5 மில் மேலே, வலப்புறம், கீழே, இடப்புறம் என்று திருப்பிச் சுட்டு, கடைசிக் குண்டு முதல் துளையருகே விழுந்ததும் ஸ்கோப் தேறிவிட்டதாகக் கொண்டாடுகிறார்கள். டரட்டின் ஒவ்வொரு கிளிக்கும் நூற்றுக்கு நான்கு பங்கு குறைவாக நகர்ந்தாலும் அந்தப் பெட்டி அழகாகவே மூடும். சற்றுச் சிறிய பெட்டியாக இருக்கும், அவ்வளவே. அதன் பக்கத்தை நாடா வைத்து யாரும் அளப்பதில்லை. நானும் அளக்கவில்லை.

பெட்டி மூடியது என்ற தைரியத்தில் வெடிமருந்து எடையையும், குண்டையும், பிறகு ரைஃபிளின் கட்டையையும் சந்தேகித்து, ஸ்கோப்பின் விலைக்கு மேல் செலவழித்த பிறகுதான், பெரியவர் ஒருவர் என் கையில் தூக்குநூலைக் கொடுத்தார். அட்டையில் தூக்குநூல் பிடித்து நிமிர்கோடு வரைந்து, அதில் 36 அங்குல இடைவெளியில் இரண்டு குறிகள் இட்டோம். 100 கெஜத்தில் 10 மில் என்பது அந்த 36 அங்குலமே. ரைஃபிளின் போல்ட்டைக் கழற்றிவிட்டு, ஸ்கோப்பை ஆடாத கனமான தாங்கியில் பூட்டி, குறுக்குக்கோட்டை மேற்குறியில் வைத்து, தாங்கி அசையாமல் 10 மில் ஏற்றினோம். கோடு இறங்கிக் கீழ்க்குறியில் நிற்க வேண்டும். ஒன்றரை அங்குலம் முன்பே நின்றுவிட்டது. அட்டையில் சிறிதாகத் தெரியும் அந்தப் பிழை, 11 மில் ஏற்றிச் சுடும் 1000 கெஜத்தில் கிட்டத்தட்ட 16 அங்குலத் தாழ்வாகிவிடும். அங்கே எஃப் கிளாஸ் என்னும் நெடுந்தூரப் போட்டி இலக்கின் பத்துப் புள்ளி வளையத்தின் விட்டமே 10 அங்குலம்தான்.

இதிலும் சறுக்க இடமுண்டு. தூரத்தை அட்டையிலிருந்து டரட் வரை நாடாவால் அளக்க வேண்டும். பலகையில் 100 என்று எழுதியிருப்பதை நம்பினால், மூன்று கெஜம் குறைந்த இடத்தில் ஸ்கோப்பின் மீது வீண் பழி விழும். மீட்டர் தளமானால் 10 மில்லுக்கு ஒரு மீட்டர் என்று குறியிட வேண்டும். கோடு இறங்கும்போது பக்கவாட்டில் விலகினால், ஸ்கோப் சாய்ந்து பூட்டப்பட்டிருக்கிறது. ஒரு பாகைச் சாய்வு 10 மில்லில் 0.17 மில் விலக்கும்.

பிழை எப்போதும் ஒரே விகிதத்தில் இருந்தால் ஸ்கோப்பை எறிய வேண்டியதில்லை. 9.6 மில் மட்டுமே நகரும் என்னுடையதில், கணக்கு சொல்லும் ஏற்றத்தை 1.042 ஆல் பெருக்கித் திருப்புகிறேன். முறைக்கு முறை மாறினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மில் கோடும் மினிட் டரட்டும் கலந்த ஸ்கோப்

வாங்காதீர்கள்.

பாராலாக்ஸ் குமிழின் எண்கள்

தலை அசையும்போது கோடு இலக்கின் மேல் நகர்வதுபோல் தெரிவதே பாராலாக்ஸ். குமிழின் எண்களை நம்பாமல் தலையை அசைத்துப் பாருங்கள்; கோடு இலக்கின் மேல் நகராத இடமே சரியான இடம்.

சுடாமலே முடித்துவிடுவது

தாங்கியில் தேறிய ஸ்கோப் உதைப்பில் தோற்பதுண்டு. ஆகவே ஐம்பது குண்டுகள் சுட்ட பிறகு அதே அட்டையின் முன் மறுபடியும் பூட்டி, 10 மில் ஏற்றி இறக்கி, குறுக்குக்கோடு மேற்குறிக்கே திரும்புகிறதா என்று பாருங்கள்.