டொமைன் விதியை மாற்றப் போகிறார்களா? எதிர்ப்பைத் திரட்டுவது எப்படி

டொமைன் பெயரை, அதாவது நம் இணைய முகவரியை, சொந்தம் என்று சொல்லிக்கொள்கிறோம். உண்மையில் அது வாடகை. காலந்தோறும் பணம் கட்டிப் புதுப்பித்தால்தான் கையில் நிற்கும். ஆனால் மின்னஞ்சல் முகவரி, அச்சடித்த கடிதத்தாள், மற்றவர்கள் நமக்குக் கொடுத்துள்ள இணைப்புகள் எல்லாம் அந்தப் பெயரோடு பின்னிக் கிடக்கின்றன. வாடகை ஏறிவிட்டதே என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட முடியாது. அதனால்தான் விலை வரம்பை நீக்குவது, பெயர் வைத்திருப்பவரின் விவரங்களை வெளியிடச் சொல்வது, ஒரு பின்னொட்டை (பெயரின் கடைசியில் வரும் டாட் காம் போன்ற பகுதியை) நிர்வகிக்கும் அமைப்பையே விற்பது போன்ற முன்மொழிவுகள் வரும்போது சும்மா இருக்கக் கூடாது என்கிறேன். இதுவரை எந்த இயக்கத்திலும் கலந்துகொள்ளாதவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

படி 1: பேனா யார் கையில் இருக்கிறது?

முதலில் மூன்று பேரைப் பிரித்துத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு பின்னொட்டில் உள்ள எல்லாப் பெயர்களின் பட்டியலையும் வைத்திருப்பது பதிவகம். நம்மிடம் பணம் வாங்கிப் பெயரைப் பதிந்து தருவது பதிவாளர். மூன்றாவது ஆள் நாம், பதிவுதாரர். டாட் காம், டாட் ஆர்க் போன்ற பொதுப் பின்னொட்டுகளின் பதிவகங்களோடு ஒப்பந்தம் போடுவது ஐகேன். 1998இல் கலிபோர்னியாவில் பதிவான லாபநோக்கற்ற அமைப்பு அது.

நாடுகளுக்கு உரிய ஈரெழுத்துப் பின்னொட்டுகளின் கதை வேறு. இடையில் ஒரு துணைப் பின்னொட்டு இல்லாமல் நேரடியாக டாட் ஏயு என்று முடியும் பெயர்கள் 2022 மார்ச் 24 முதல் பதிவுக்கு வந்தன. அந்த முடிவை எடுத்தது ஆஸ்திரேலியாவின் டொமைன் நிர்வாக அமைப்பு. அத்தகைய முடிவை எதிர்த்து ஐகேனுக்கு ஆயிரம் மனு அனுப்பினாலும் பயன் இல்லை. ஆகவே முன்மொழிவில் கடைசிக் கையெழுத்து யாருடையது என்று கண்டுபிடிக்கும் வரை ஒரு சுவரொட்டிகூட அடிக்க வேண்டாம்.

படி 2: ஆவணத்தைப் படியுங்கள்

செய்தியைப் படித்துக் கோபப்படுவது எளிது. மாறும் பிரிவை எடுத்துப் படித்தவர்கள்தான் இயக்கத்துக்கு முதுகெலும்பு. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும்போது பழைய வரிகளை அடித்தும் புதிய வரிகளைச் சேர்த்தும் காட்டும் பிரதி பெரும்பாலும் வெளியிடப்படும். அதைத்தான் தேடி எடுக்க வேண்டும்.

லாபநோக்கற்ற அமைப்புகள் பெரிதும் பயன்படுத்தும் டாட் ஆர்க்கின் ஒப்பந்தத்தையே பார்ப்போம். பழைய ஒப்பந்தப்படி பதிவகம் ஆண்டுக்கு 10 விழுக்காட்டுக்கு மேல் விலையை ஏற்ற முடியாது. 2019இல் வந்த வரைவில் அந்த வரம்பே இல்லை. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஆண்டுக்கு 10 விழுக்காடு ஏறினாலே எட்டு ஆண்டுகளுக்குள் விலை இரு மடங்காகிவிடும். அந்தத் தாராளமான வேலியையும் பிடுங்குகிறார்கள் என்பது ஒரு வரியில் யாருக்கும் புரியும்.

எதிர்த் தரப்பின் பதிலையும் அதே ஆவணத்தில் தேடுங்கள். விலை ஏறுவதற்கு ஆறு மாதம் முன்பே அறிவிக்க வேண்டும், அதற்குள் பத்து ஆண்டுகள் வரை பழைய விலையில் புதுப்பித்துக்கொள்ளலாம் என்ற பாதுகாப்பு புதிய ஒப்பந்தத்தில் இருந்தது. இது தெரியாமல் பேசப் போனால் முதல் கேள்வியிலேயே வாயடைத்துப் போவீர்கள். தெரிந்திருந்தால், பத்து ஆண்டுப் பணத்தை ஒரே தவணையில் கட்ட எத்தனை சிறு அமைப்புகளால் முடியும் என்று நீங்கள் திருப்பிக் கேட்கலாம்.

படி 3: ஒரே கோரிக்கை

"இந்தப் பிரிவை நீக்குக" அல்லது "பழைய வரம்பைத் தொடர்க". அவ்வளவுதான். இணையத்தின் எல்லாக் குறைகளையும் ஒரே மனுவில் ஏற்றினால் எதற்கும் பதில் வராது.

படி 4: கருத்துரை எழுதுவதும் எழுத வைப்பதும்

ஐகேன் ஒரு முன்மொழிவைப் பொதுக் கருத்துக்கு வைத்தால் சில வாரங்கள் அவகாசம் இருக்கும். யார் வேண்டுமானாலும் எழுதலாம். பிறகு அதன் ஊழியர்கள் வந்த கருத்துகளைத் தொகுத்து அறிக்கை தருவார்கள். அந்தத் தொகுப்பில் உங்கள் வரி தனியாக நிற்குமா, "பலர் எதிர்த்தனர்" என்ற ஒரே வாக்கியத்துக்குள் கரைந்துவிடுமா என்பதுதான் கேள்வி.

2019இல் டாட் ஆர்க் வரைவுக்கு மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கருத்துகள் வந்தன. ஏறக்குறைய எல்லாமே எதிர்ப்பு. இருந்தும் ஜூன் 30 அன்று வரம்பு நீக்கப்பட்டது. அவற்றில் பலவும் ஸ்பாம் போன்றவை என்று ஐகேனின் குறைதீர்ப்பாளரே பின்னர் எழுதினார். உண்மையான மனிதர்கள் நேரம் ஒதுக்கி அனுப்பியதை அப்படி ஒதுக்கியது எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் பாடம் பாடம்தான்: ஒரே வாசகத்தை ஆயிரம் பேர் அனுப்புவது, ஒதுக்கித் தள்ள நாமே காரணம் எடுத்துக் கொடுப்பதாகும்.

"விலையை ஏற்றாதீர்கள், இது அநியாயம்" என்று ஒருவர் எழுதுகிறார். பார்வையற்றோருக்கு ஒலிநூல் தயாரிக்கும் ஒரு குழு இப்படி எழுதுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: "பன்னிரண்டு ஆண்டுகளாக இந்தப் பெயரில் இயங்குகிறோம். எங்கள் ஒலிநூல்களுக்கான இணைப்புகளைப் பள்ளிகள் தங்கள் பாடக்குறிப்புகளில் சேர்த்திருக்கின்றன. பெயரை மாற்றினால் அத்தனையும் அறுந்துபோகும். போட்டி இருப்பதால் விலை கட்டுக்குள் இருக்கும் என்று வரம்பை நீக்குவோர் சொல்லும் வாதம் எங்களுக்குப் பொருந்தாது. விலை வரம்பை அப்படியே தொடரக் கோருகிறோம்." இரண்டாவது கடிதத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். உங்கள் ஆதரவாளர்களுக்கு ஆயத்தக் கடிதம் தராதீர்கள். மூன்று கேள்விகள் தாருங்கள். எத்தனை ஆண்டுகளாக இந்தப் பெயர் உங்களிடம் இருக்கிறது? மாற்ற நேர்ந்தால் எது அறுபடும்? எந்தப் பிரிவு எப்படி மாற வேண்டும்? பதில்களை அவர்கள் தங்கள் நடையிலேயே எழுதட்டும். அவகாசம் பெரும்பாலும் உலகப் பொது நேரப்படி இரவு 23:59க்கு முடியும். உங்கள் ஊர் நேரத்துக்கு மாற்றி, ஒரு நாள் முன்னதாகவே கெடு வையுங்கள்.

படி 5: வேறு கதவுகள்

கருத்துரை தோற்றால் எல்லாம் முடிந்தது என்று எண்ண வேண்டாம். ஐகேனின் முடிவை மறுபரிசீலனை செய்யக் கோரலாம். அதற்கான அவகாசம் 30 நாள். அதற்கு மேலே தனித் தீர்ப்பாயம் போன்ற மறுஆய்வு முறை உண்டு. செலவு பிடிக்கும், பெரிய அமைப்பு ஒன்று முன்வந்தால்தான் நடக்கும். நேம்சீப் என்ற பதிவாளர் நிறுவனம் விலை வரம்பு விவகாரத்தை அங்கே கொண்டுபோய், ஐகேன் தன் சொந்த விதிகளை மீறியது என்ற தீர்ப்பை 2022 டிசம்பரில் பெற்றது.

இன்னும் பெரிய கதவு ஒன்று 2020இல் திறந்தது. டாட் ஆர்க் பதிவகத்தை எதாஸ் கேப்பிட்டல் என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு 113.5 கோடி டாலருக்கு விற்கப் போவதாக 2019 நவம்பரில் அறிவிப்பு வந்தது. லாபநோக்கற்ற அமைப்புகள் ஒன்றுசேர்ந்து கையெழுத்துத் திரட்டின. 2020 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸில் ஐகேன் அலுவலகத்துக்கு வெளியே ஆர்ப்பாட்டம் நடந்தது. ஐகேன் கலிபோர்னியாவில் பதிவான அமைப்பு என்று படி 1இல் சொன்னேன் அல்லவா? அங்கேதான் பிடி கிடைத்தது. அந்த மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல் ஏப்ரல் 15 அன்று விற்பனையை அனுமதிக்க வேண்டாம் என்று கடிதம் எழுதினார். ஏப்ரல் 30 அன்று ஐகேன் வாரியம் அனுமதி மறுத்தது. எனவே எழுதும் கை யாருடையது என்று தெரிந்த பிறகு, அந்தக் கை யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டது என்பதையும் தேடுங்கள்.

படி 6: அடுத்த தேதி

வென்றாலும் தோற்றாலும் தொடர்புப் பட்டியலைக் கலைத்துவிடாதீர்கள். ஒப்பந்தங்களுக்கு முடிவுத் தேதி உண்டு. 2019இல் கையெழுத்தான டாட் ஆர்க் ஒப்பந்தம் பத்து ஆண்டுக்கானது. 2029 ஜூன் என்று இன்றே நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.