எல்லை, அரசு, இறையாண்மை: வரைபடத்தை நம்பிச் செய்யும் தவறுகள்

உலக அரசியல் வரைபடத்தில் நாட்டுக்கு ஒரு நிறம், இரண்டு நிறங்களுக்கு நடுவே ஒரு கோடு. பள்ளியிலிருந்தே பார்த்துப் பழகிய இந்தப் படம்தான் அரசியல் புவியியலில் பாதிக் குழப்பங்களுக்குக் காரணம். நிறத்துக்குள் எல்லா அதிகாரமும் ஒரே கையில் இருப்பதாகவும், கோட்டைத் தாண்டியதும் அது சட்டென்று முடிந்துவிடுவதாகவும் அது நம்மை நம்பவைக்கிறது.

ஆறும் மலையும் இயற்கை எல்லைகள், நேர்கோடுகள் செயற்கை எல்லைகள் என்று பிரித்து எழுதும் வழக்கத்திலிருந்து தொடங்கலாம். ஆண்டிஸ் மலைத்தொடரைவிட இயற்கையான எல்லை உண்டா? 1881இல் அர்ஜென்டினாவும் சிலியும் செய்துகொண்ட ஒப்பந்தம், நீரைப் பிரிக்கும் மிக உயர்ந்த சிகரங்கள் வழியாக எல்லை செல்லும் என்றது. காகிதத்தில் கச்சிதமாகத்தான் இருந்தது. தெற்கே படகோனியாவுக்குப் போனால், உயர்ந்த சிகரங்கள் ஓரிடத்தில், நீர்ப்பிரிமேடு (மழைநீர் இரு பக்கமாகப் பிரிந்து ஓடும் மேடு) அவற்றுக்குக் கிழக்கே வேறிடத்தில். சிகரங்களுக்குக் கிழக்கே பிறக்கும் சில ஆறுகள் மலைத்தொடரை ஊடறுத்துக்கொண்டு மேற்கே பசிபிக் கடலில் போய்க் கலந்தன. சிகரம்தான் எல்லை என்றது அர்ஜென்டினா. நீர்ப்பிரிமேடுதான் எல்லை என்றது சிலி. வழக்கு பிரிட்டிஷ் மன்னரின் நடுவர் தீர்ப்புக்குப் போனது. தாமஸ் ஹோல்டிச் என்ற எல்லை வல்லுநர் நேரில் சென்று நிலத்தைப் பார்வையிட்டார். 1902இல் வந்த தீர்ப்பு இரண்டு கோரிக்கைகளுக்கும் இடையே ஒரு கோட்டை இழுத்தது. அந்தக் கோடு ஏரிகளையும் வெட்டிக்கொண்டு போகிறது. அப்படி வெட்டுப்பட்ட ஒரு பெரிய ஏரி அர்ஜென்டினாவில் புவெனஸ் அயர்ஸ் ஏரி, சிலியில் ஹெனரல் கரேரா ஏரி. மலை அங்கேயேதான் இருந்தது. அதில் எதை எல்லையாகக் கொள்வது என்று முடிவு செய்தது மனிதர்கள். ஆற்றை எல்லையாக வைத்தால் நிலைமை இன்னும் மோசம், அது இடம் மாறும். ரியோ கிராண்டே ஆறு தெற்கே நகர்ந்ததால் அமெரிக்காவுக்கும் மெக்சிகோவுக்கும் இடையே எழுந்த சமிசால் தகராறு 1963 ஒப்பந்தத்தில்தான் தீர்ந்தது.

நேர்கோடுகளைப் பற்றியும் ஒரு கட்டுக்கதை உலவுகிறது. ஐரோப்பிய வல்லரசுகள் கூடிய 1884-85 பெர்லின் மாநாட்டு மேசையில் ஆப்பிரிக்காவின் எல்லைகள் எல்லாம் வரையப்பட்டன என்பது அது. அந்த மாநாடு காங்கோ, நைஜர் ஆறுகளில் கப்பல் போக்குவரத்து, கடற்கரைகளைக் கைப்பற்றும் விதிமுறை போன்றவற்றைப் பேசியது. எல்லைகளில் பெரும்பாலானவை பின்னர் ஐரோப்பிய அரசுகள் இருவர் இருவராகச் செய்துகொண்ட ஒப்பந்தங்களில் பிறந்தவை. விடுதலைக்குப் பிறகு 1964இல் கெய்ரோவில் கூடிய ஆப்பிரிக்கத் தலைவர்கள் அதே எல்லைகளை மதிப்பதாகத் தீர்மானம் போட்டார்கள். இந்தப் பாதியைச் சொல்லாமல் காலனியத்தை மட்டும் திட்டிவிட்டுப் போனால் பாடம் முடிந்துவிடாது.

அரசு என்றால் என்ன என்ற கேள்விக்கு 1933 மொண்டேவீடியோ உடன்படிக்கையின் நான்கு நிபந்தனைகளை ஒப்பிப்பார்கள்: நிலையான மக்கள்தொகை, வரையறுத்த நிலப்பரப்பு, அரசாங்கம், பிற அரசுகளோடு உறவு கொள்ளும் திறன். மனப்பாடம் சரிதான், அதை மதிப்பெண் பட்டியலாக நினைப்பதுதான் பிசகு. எல்லை முழுவதும் தீர்மானமாகியிருக்க வேண்டும் என்று விதி எதுவும் இல்லை என்று 1969இல், வட கடலின் அடிநிலத்தை நாடுகள் பங்கிட்டுக்கொள்வது பற்றிய வழக்கில் சர்வதேச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அரசாங்கம் கவிழ்ந்தால் அரசும் மறைந்துவிடுவதில்லை. 1991இல் சோமாலியாவின் மத்திய ஆட்சி நொறுங்கியது, ஐ.நா.வில் அதன் உறுப்புரிமை அப்படியே இருந்தது. அதே ஆண்டு சோமாலியாவிலிருந்து பிரிந்துபோவதாக அறிவித்த அதன் வடபகுதியான சோமாலிலாந்து சொந்த நாணயம் அச்சடித்து, தேர்தலும் நடத்துகிறது, ஐ.நா.வில் அதற்கு இடமில்லை. நான்கு நிபந்தனைகளோடு நின்றுவிடுபவர்களால் இந்த இரண்டையும் ஒருசேர விளக்க முடியாது.

எல்லா நிலமும் யாரோ ஒருவர் உரிமை கோருவதாகத்தான் இருக்கும் என்ற எண்ணமும் தவறு. எகிப்துக்கும் சூடானுக்கும் இடையே 1899இல் 22ஆம் அட்சக்கோடு எல்லையானது. 1902இல் நிர்வாக வசதிக்காக வேறொரு கோடு வந்தது. செங்கடலோர ஹலாயிப் பகுதி, முதல் கோட்டின்படி எகிப்துக்கு, இரண்டாவதன்படி சூடானுக்கு. கடலிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் பீர் தவீல் என்ற பாலை நிலத்தின் கணக்கு நேர்மாறு. ஹலாயிப் இரண்டு பேருக்கும் வேண்டும். பீர் தவீலைக் கேட்டால் ஹலாயிப் மீதான வாதம் செத்துப்போகும். ஆகவே சுமார் 2,000 சதுர கிலோமீட்டர் நிலத்தை இருவரும் வேண்டாம் என்கிறார்கள்! அவ்வப்போது சாகசக்காரர்கள் போய்க் கொடி நட்டுத் தங்களை மன்னர்களாக அறிவித்துக்கொள்கிறார்கள். கொடி நட்டால் அரசு பிறந்துவிடாது.

இனி இறையாண்மை, அதாவது தன் நிலத்தில் இறுதி முடிவெடுக்கும் அதிகாரம். ஐரோப்பாவின் முப்பதாண்டுப் போரை முடித்த 1648 வெஸ்ட்பாலியா ஒப்பந்தங்கள்தான் அதைப் பிரசவித்தன என்று பாடநூல்கள் எழுதுகின்றன. அந்த ஒப்பந்தங்களில் பெரும்பகுதி புனித ரோமானியப் பேரரசின் மத, நில விவகாரங்கள். நாம் இன்று பேசும் கோட்பாட்டை அதில் தேடினால் ஏமாற்றம்தான். அதைவிடப் பெரிய தவறு, இறையாண்மையைப் பிரிக்க முடியாத ஒரே பொருளாக எண்ணுவது. அமெரிக்கக் கடற்படைத் தளம் இருக்கும் கியூபாவின் குவாண்டனாமோ குடாவில், 1903 குத்தகையின்படி இறுதி இறையாண்மை கியூபாவுடையது, முழு அதிகாரமும் கட்டுப்பாடும் அமெரிக்காவுடையது. தூதரகம் அந்நிய மண் என்பதும் வெறும் பேச்சு. 1961 வியன்னா உடன்படிக்கையின்படி, தூதரகத் தலைவரின் அனுமதியின்றி உள்ளூர்க் காவலர்கள் நுழையக்கூடாது, அவ்வளவே; நிலம் அது இருக்கும் நாட்டினுடையதுதான்.

கடலில் இந்தக் குழப்பம் உச்சத்துக்குப் போகிறது. கரையிலிருந்து 12 கடல் மைல் வரைதான் இறையாண்மை. அங்கும் பிற நாட்டுக் கப்பல்கள் தீங்கு செய்யாமல் கடந்துபோகலாம். 200 மைல் வரை நீளும் பொருளாதார மண்டலத்தில் இருப்பது மீன், எண்ணெய் போன்ற வளங்களின் மீதான உரிமை. 'எல்லைக்குள் அந்நியக் கப்பல் ஊடுருவல்' என்று செய்தி வந்தால், எத்தனையாவது மைலில், என்ன செய்துகொண்டிருந்தது என்று பாருங்கள். 150ஆவது மைலில் சும்மா கடந்துபோயிருந்தால் அது ஊடுருவலே இல்லை. வலை வீசியிருந்தால் கரையோர நாடு அதைப் பிடிக்கலாம்.