எர்த் கம்பியில் செம்பு வளையத் தோடு

தோட்டுக்கான செம்பை எலக்ட்ரிகல் கடையில் வாங்குங்கள். "எர்த் போட வெற்றுச் செம்புக் கம்பி, 14 கேஜ்" என்று கேட்டால் ஏறக்குறைய 2 மி.மீ. தடிமனில் எடை போட்டுத் தருவார்கள். கைவினைக் கடைகளின் வண்ணக் கம்பிச் சுருளை நான் தொடுவதில்லை. அதில் பல, நிறம் பூசிய அலுமினியம். சுத்தியால் இரண்டு தட்டு தட்டினாலே பூச்சு போய்விடும்.

11 செ.மீ. நீளத்தில் இரண்டு துண்டுகள் வெட்டி, முனைகளை அரத்தால் மழுக்குங்கள்.

அடுத்துக் கம்பியை இளக்க வேண்டும். பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். செம்பு வளைக்க வளைக்க, தட்டத் தட்ட விறைத்துக்கொண்டே போகும். அதற்கு மேலும் அடித்தால் விளிம்பில் வெடிப்பு விழும். சமையலறை விளக்கை அணைத்துவிட்டு, கம்பியை இடுக்கியில் பிடித்து கேஸ் அடுப்பின் நீலச் சுடரில் காட்டுங்கள். சிறிது நேரத்தில் கறுக்கும். அது வெறும் ஆக்சைடுதான், அப்போதே எடுத்துவிடாதீர்கள். மங்கிய சிவப்பு தெரியும்வரை காத்திருங்கள். வெளிச்சத்தில் அந்தச் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது, விளக்கை அணைக்கச் சொன்னது அதற்காகத்தான். சிவந்ததும் தண்ணீரில் போடுங்கள். உருக்கைப் போல் செம்பு இதில் கடினமாகாது; துவண்டுபோய்தான் வெளியே வரும். உருகிவிடுமோ என்ற பயமும் வேண்டாம். செம்பு உருக 1,085 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஆனால் வெகுநேரம் சிவக்க விட்டால் மேற்பரப்பு சொரசொரத்துவிடும்.

உருண்டை முனைக் குறடால் ஒரு நுனியைச் சிறு காதாக, அதாவது கொக்கி மாட்டும் கண்ணியாகச் சுருட்டுங்கள். மீதியை முக்கால் அங்குல பிளம்பிங் குழாய் மேல் சுற்றினால் சுமார் 3 செ.மீ. வளையம் வரும். மிஞ்சியதை வெட்டிவிடுங்கள்.

இப்போது தட்டுங்கள். காதின் பக்கம் போகாமல், வளையத்தின் அடிப்பகுதியை மட்டும். பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் தடித்த இரும்புத் துண்டே பட்டடைக்குப் போதும். காசை நல்ல சுத்திக்குச் செலவிடுங்கள். அதன் முகத்தில் உள்ள ஒவ்வொரு கீறலும் செம்பில் அப்படியே பதியும். ஒன்று முக்கியம்: இதற்குப் பிறகு மறுபடி சூடாக்கக் கூடாது. தட்டியதில் ஏறிய விறைப்புதான் வளையத்தின் உருவத்தைக் காப்பாற்றுகிறது.

கறுப்பைப் போக்கப் புளியும் உப்பும் போதும். பிறகு 400, 800 எண் உப்புத்தாள். காதில் மாட்டும் கொக்கியை மட்டும் 20 கேஜ் வெள்ளிக் கம்பியில் செய்யுங்கள். வியர்வை பட்டால் செம்பு தோலைப் பச்சையாக்கும்.

பின்சேர்க்கை: பழைய மோட்டாரின் வைண்டிங் கம்பி ஆகுமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். ஆகும். ஆனால் அதன் மேல் எனாமல் பூச்சு உண்டு. நெருப்பில் காட்டும் முன் உப்புத்தாளால் முழுவதும் சுரண்டி எடுங்கள். பிவிசி உறையுள்ள ஒயரையும் எரிக்காமல் பிளேடால் கீறி உரியுங்கள். எரித்தால் ஹைட்ரஜன் குளோரைடு வரும். வளையத்தில் நட்டு கோக்க விரும்புபவர்கள் பித்தளை நட்டு வாங்கிக் கடைசியில் கோக்கலாம்.