முன்னவர் வைத்த மூன்று வாஷர்: பழைய ஹாட் ராடைச் சீர்செய்யும் முறை

என் வண்டி ஒரு ஹாட் ராட், அதாவது பழைய காரின் உருவில் வேறு வேறு வண்டிகளின் பாகங்களைப் பூட்டிக் கட்டியது. அதற்கு மேனுவல் கிடையாது. பாடி, 1929 ஃபோர்டு மாடல் ஏ சாயலில் வார்த்த ஃபைபர் கிளாஸ். சேஸிஸ் யாரோ வீட்டில் வெல்டிங் செய்தது. எஞ்சின் செவ்ரோலெட் 350, 5.7 லிட்டர் வி8. பின் ஆக்ஸில் ஃபோர்டு 9 அங்குலம். முன் டிஸ்க் பிரேக் எந்தக் காரிலிருந்து கழற்றியது என்று கண்டுபிடிக்கவே இரண்டு வாரம் ஆனது. அசல் மாடல் ஏ எஞ்சின் 40 குதிரைசக்திதான். இதில் அதைப்போல ஐந்தாறு மடங்கு இருக்கும்.

இதைக் கட்டியவரை எனக்குத் தெரியாது. ‘முன்னவர்’ என்று பெயர் வைத்திருக்கிறேன். வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு அவரோடு நிறைய சண்டை போட்டிருக்கிறேன். பாதிக்கு மேல் தோற்றிருக்கிறேன்.

இப்படி ஒரு வண்டி கைக்கு வந்தால் கார்புரேட்டரை மாற்றலாமா, கேம் ஷாஃப்டை மாற்றலாமா என்றுதான் கை பரபரக்கும். பொறுங்கள். முதலில் ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு டார்ச், அளக்க ஒரு டேப். ஒரு வாரம் எதையும் கழற்றாமல் பார்த்து எழுதுங்கள்: எந்தக் குழாய் எங்கே போகிறது, எந்த போல்ட் என்ன அளவு, எந்த பாகத்தில் என்ன வார்ப்பு எண். இதெல்லாம் எழுத்துவேலை என்று நினைத்ததால்தான் நான் மாட்டினேன்.

பிரேக்கிலிருந்து ஆரம்பித்தேன். பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலைக் குழாய்க்குள் தள்ளுவது மாஸ்டர் சிலிண்டர். பழையது ஒற்றை அறை கொண்டது. எங்காவது ஓர் இடத்தில் ஒழுகினால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போச்சு. 1967 மாடலிலிருந்தே அமெரிக்கக் கார்களில் முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என்று இரட்டை அறை வந்துவிட்டது. உங்களுடையது ஒற்றை என்றால் யோசிக்காமல் மாற்றுங்கள். நானும் மாற்றினேன். கழற்றும்போது சிலிண்டருக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே ஒவ்வொரு போல்ட்டிலும் மூன்று வாஷர் இருந்தன. ‘அளவு தெரியாமல் முட்டுக்கொடுத்திருக்கிறார்’ என்று சிரித்துவிட்டு, அவற்றைத் தூக்கிப் போட்டேன்.

முதல் பத்து நிமிடம் வண்டி பிரமாதமாக ஓடியது. பிறகு ஏதோ மூட்டை கட்டி இழுப்பதுபோல் கனத்தது. கரிந்த வாடை. ஓரங்கட்டி முன் வீலுக்கு அருகே கையைக் கொண்டுபோனால் தொடாமலே சுட்டது. அரை மணி நேரம் ஆறவிட்டதும், ஒன்றுமே நடக்காத மாதிரி சக்கரம் லேசாகச் சுற்றியது.

இந்த நோய்க்கு ஒரு பரிசோதனை உண்டு, வரிசை முக்கியம். பிரேக் பிடித்திருக்கும்போதே செய்ய வேண்டும், ஆறிய பிறகு பயனில்லை. வண்டி உருளாதபடி கட்டை வைத்துவிட்டு முன்பக்கம் ஜாக்கி போட்டு, ஸ்டாண்டில் நிறுத்துங்கள். முதலில் மாஸ்டர் சிலிண்டரைப் பிடித்திருக்கும் நட்டுகளை இரண்டு மூன்று சுற்று தளர்த்துங்கள். சக்கரம் விட்டுவிட்டால் பெடல் ராடு பிஸ்டனை எப்போதும் அழுத்திக்கொண்டிருந்தது என்று அர்த்தம். விடவில்லையா? மாஸ்டர் சிலிண்டரிலிருந்து வெளியே வரும் குழாயின் நட்டைச் சற்றே தளர்த்துங்கள். விட்டால் சிலிண்டருக்குள்ளேயே கோளாறு. இல்லையென்றால், குழாயில் சிறிது அழுத்தத்தைத் தக்கவைக்கும் ரெசிடுவல் வால்வுக்கு அடுத்த பக்கம் தளர்த்துங்கள், விட்டால் வால்வில் கோளாறு. கடைசியாக, டிஸ்க்கைப் பேடால் நெருக்கும் கேலிப்பரில் ஏர் எடுக்கும் (குழாயிலுள்ள காற்றை வெளியேற்றும்) நிப்பிள். அங்கே விட்டால், இடையிலுள்ள ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கி அடைத்திருக்கும். அங்கும் விடவில்லை என்றால் கேலிப்பர் பிஸ்டனே இறுகிப்போயிருக்கிறது. குழாயைத் தளர்த்திய பிறகு, ஏர் எடுக்காமல் வண்டியை நகர்த்தாதீர்கள்.

எனக்கு முதல் படியிலேயே சக்கரம் விட்டுவிட்டது. காலை எடுத்ததும் பெடல் ராடுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே 1 முதல் 2 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். அது இல்லாவிட்டால், ஆயில் தொட்டிக்குத் திரும்பும் சின்னத் துளையை பிஸ்டன் மூடிக்கொண்டே இருக்கும். ஓட ஓட ஆயில் சூடேறி விரியும், திரும்பிப் போக வழி இல்லாமல் தானாகவே பிரேக்கைப் பிடிக்கும். அந்த இடைவெளிக்காக முன்னவர் வைத்தவைதான் அந்த மூன்று வாஷர். குப்பைக் கூடையைக் கவிழ்த்துத் தேடி எடுத்தேன்.

ரெசிடுவல் வால்வையும் பார்த்துவிடுங்கள். மாஸ்டர் சிலிண்டர் வண்டியின் தரைத்தகட்டுக்கு அடியில், கேலிப்பரைவிடத் தாழ்வாக இருந்தால் ஆயில் பின்னோக்கி வடிந்துவிடும். பெடலை இரண்டு முறை மிதித்தால்தான் பிரேக் பிடிக்கும். அதைத் தடுக்க டிஸ்க் வரிசையில் 2 பிஎஸ்ஐ (அழுத்த அளவு), டிரம் வரிசையில் 10 பிஎஸ்ஐ வால்வு. 10-ஐ டிஸ்க்கில் மாட்டினால் பேட் எப்போதும் உரசும். மிதிக்கும் விசையைக் கூட்டும் பூஸ்டர் இல்லாத வண்டியில் பெடல் விகிதம் 6-க்கு 1 அளவில் இருக்க வேண்டும். பெடல் திரும்பும் அச்சிலிருந்து கால் வைக்கும் இடம் வரை ஒரு அளவு, அதே அச்சிலிருந்து ராடு மாட்டும் துளை வரை இன்னொன்று. முதலாவதை இரண்டாவதால் வகுங்கள். என்னுடையது 24-க்கு 6 சென்டிமீட்டர், அதாவது வெறும் 4. எவ்வளவு மிதித்தும் வண்டி நிற்க யோசித்ததன் காரணம் அதுதான். இதில் முன்னவருக்கு எந்தச் சமாதானமும் கிடையாது. 4 சென்டிமீட்டரில் புதுத் துளை போட்டேன், ராடு நேராகத் தள்ளும்படி சிலிண்டரையும் நகர்த்தினேன். செம்புக் குழாய் இருந்தால் பிடுங்கி எறியுங்கள். பிரேக்குக்கு ஸ்டீல் குழாய், முனையை இரண்டு மடிப்பாக விரித்த இரட்டை ஃப்ளேர்.

அடுத்தது வயரிங். டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்தால் எல்லாமே சிவப்பு வயர். ஒரே ஒரு சுருள் வாங்கி வீடு முழுக்க இழுத்த மாதிரி. பிரேக் மிதித்தால் பின் விளக்கு மங்கும், இண்டிகேட்டர் போட்டால் இரண்டு பக்கமும் லேசாக மினுக்கும். பல்பை மாற்றிப் பார்த்து ஒரு சனிக்கிழமையை வீணாக்கினேன். காரணம் எர்த். இரும்பு பாடியில் விளக்கை முடுக்கினாலே எர்த் கிடைத்துவிடும். ஃபைபர் கிளாஸில் மின்சாரம் ஓடாது. எர்த் கிடைக்காத விளக்கு, பக்கத்து விளக்கின் இழை வழியாக வழி தேடிப் போகிறது. ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் வயர் இழுத்து, சேஸிஸில் பெயிண்டைச் சுரண்டிப் பளபளக்க வைத்த ஒரே இடத்தில் சேருங்கள்.

செல்ஃப் மோட்டார் முக்கி முக்கிச் சுற்றினால் உடனே பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் முனையிலும், இன்னொன்றை எஞ்சின் பிளாக்கிலும் வைத்து, ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. எனக்கு 1.1 காட்டியது. பின்னால் இருந்த பேட்டரியிலிருந்து சேஸிஸுக்குத் தடித்த கேபிள். சேஸிஸிலிருந்து எஞ்சினுக்கோ சுண்டுவிரலில் பாதி கனத்தில் ஒரு பின்னல் பட்டை. அதற்கும் தடித்த கேபிள் போட்ட பிறகு அதே பேட்டரியில் அரைச் சுற்றிலேயே எஞ்சின் பிடிக்கிறது.

ஃபியூஸ் காப்பாற்றுவது விளக்கை அல்ல, வயரை. அதனால் வயரின் கனத்தைப் பார்த்து ஃபியூஸ் போடுங்கள், பேட்டரிக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில். பழைய அம்மீட்டர் இருந்தால், ஆல்டர்னேட்டரின் மொத்தக் கரண்டும் உங்கள் முழங்காலுக்கு மேலே ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அதை எடுத்துவிட்டு வோல்ட் மீட்டர் வைத்தேன். எஞ்சின் ஓடும்போது 13.8-லிருந்து 14.5 வரை இருந்தால் சார்ஜ் சரி.

சேஸிஸ் வெல்டிங்கில் எனக்கு ரசனை கிடையாது, பயம்தான் உண்டு. பார்க்க அழகான வெல்டிங் எல்லாம் உள்ளே இறங்கியிருக்கும் என்று நம்ப முடியாது. ஸ்டியரிங் பாக்ஸ், பிரேக் பெடல், முன் ஆக்ஸில் ராடுகள் மாட்டும் பிராக்கெட்டுகளில் பெயிண்டை எடுத்துவிட்டு, சிவப்புச் சாயம் அடித்து விரிசல் பார்க்கும் ஸ்ப்ரே போடுங்கள். கால் மணி நேரம் ஊறவிட்டுத் துடைத்து, வெள்ளைப் பவுடர் ஸ்ப்ரே அடித்தால், விரிசல் இருக்கும் இடத்தில் தலைமுடி கனத்தில் ஒரு சிவப்புக் கோடு எழும்பும். எனக்கு ஸ்டியரிங் பாக்ஸ் பிராக்கெட்டில் எழும்பியது. அதைச் சான்றிதழ் பெற்ற வெல்டரிடம் கொடுத்தேன். இந்த இடத்தில் மட்டும் சொந்தக் கைவேலை வேண்டாம்.

சூடேறுவதற்கு ஒரு சின்னக் கணக்கு. மெதுவாகப் போகும்போது சூடேறினால் காற்று போதவில்லை: ஃபேன், அதைச் சுற்றி ரேடியேட்டரை மூடும் கவசம். வேகமாகப் போகும்போது சூடேறினால் பெரும்பாலும் ரேடியேட்டர் அடைப்பு அல்லது உறிஞ்சலில் சப்பிக்கொள்ளும் கீழ் ஹோஸ். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது வைத்தியம் அல்ல. 82 டிகிரி தெர்மோஸ்டாட் இருக்கட்டும்.

இதெல்லாம் முடிந்த பிறகே எஞ்சின் பக்கம் போனேன். முன்னவர் 750 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு 750 கன அடி காற்று விடும்) கார்புரேட்டர் வைத்திருந்தார். 350 கன அங்குலத்தை 5,500 ஆர்பிஎம்மால் பெருக்கி 3,456-ஆல் வகுத்தால் 557 வரும். அதுவும் சிலிண்டர் முழுக்க நிரம்பினால்தான். ரோட்டில் ஓடும் எஞ்சின் அவ்வளவு நிரம்பாது. 600-ஐ மாட்டினேன். கீழ் வேகத்தில் இருந்த திணறல் போய்விட்டது. மொத்த டைமிங்கை, அதாவது பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு எவ்வளவு முன்னதாகத் தீப்பொறி விழுகிறது என்பதை, 34 டிகிரிக்குக் கொண்டுவந்தேன். செலவு செய்து ‘குறைத்த’ பிறகுதான் வண்டி வேகமாகியது என்றால் நண்பர்கள் நம்பவில்லை.

முதல் 50 கிலோமீட்டர் ஓட்டியதும் வீட்டுக்கு வந்து எல்லா நட்டையும் டார்க் ரெஞ்சால் மறுபடி பாருங்கள். எனக்கு இரண்டு யு போல்ட் தளர்ந்திருந்தன. அதையும் நோட்டில் எழுதினேன். பிரேக் பக்கத்தில் பேட் எந்தக் காருடையது, ஹோஸ் எவ்வளவு நீளம், அதற்குக் கீழே சிவப்பு மையில்: ‘மாஸ்டர் சிலிண்டர், ஒவ்வொரு போல்ட்டிலும் வாஷர் 3. முன்னவருடையது. எடுக்காதே.’ நோட்டு சீட்டுக்கு அடியில், பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது.