தேயிலை இலையின் படத்தைத் தெளிவு கெடாமல் அனுப்புவதும் பார்ப்பதும் எப்படி?

நீலகிரியில் சிறு தேயிலை விவசாயிகளுக்கென்று இப்போது ஊருக்கு ஒரு வாட்ஸ்அப் குழுவாவது இருக்கிறது. கொழுந்தில் புள்ளி தெரிந்தால் அங்கேயே நின்று ஒரு படம் எடுத்துக் குழுவில் போட்டு, "இது என்ன நோய், எந்த மருந்து அடிக்கலாம்?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. ஆனால் பெரும்பாலும் வருகிற முதல் பதில், "படம் தெளிவாக இல்லை, மறுபடி எடுத்து அனுப்புங்கள்" என்பதுதான். எடுத்தவரோ தன் கைபேசியில் அதே படத்தை விரித்துப் பார்த்து, எல்லாம் நன்றாகத்தானே தெரிகிறது என்று குழம்புகிறார். இருவர் சொல்வதும் உண்மைதான். எடுத்தவர் பார்க்கும் படமும் அடுத்தவருக்குப் போய்ச் சேரும் படமும் ஒன்றல்ல. கோத்தகிரிப் பக்கத்துக் குழு ஒன்றில் வரும் படங்களைத் திரட்டி, விவரம் தெரிந்தவர்களிடம் காட்டிப் பதில் வாங்கித் தரும் வேலையை நான் பார்த்துவருகிறேன். அதில் பயன்பட்ட வழிமுறையை இங்கே எழுதுகிறேன். கைபேசியில் படம் எடுக்கவும் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பவும் தெரிந்தவர்களுக்கான குறிப்பு இது.

படம் ஏன் கெடுகிறது

சாதாரண 12 மெகாபிக்சல் படம் அகலத்தில் 4000, உயரத்தில் 3000 புள்ளிகள் (பிக்சல்கள்) கொண்டது. வாட்ஸ்அப்பில் வழக்கமான முறையில் அனுப்பும்போது செயலி அதை முதலில் சிறிதாக்குகிறது, பிறகு ஜேபெக் முறையில் இன்னும் இறுக்குகிறது. ஜேபெக் என்பது படத்தை 8-க்கு 8 புள்ளிகள் கொண்ட சிறு சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்திலும் கண்ணுக்கு எளிதில் தெரியாத நுண்ணிய வேறுபாடுகளைக் கழித்துவிடும் முறை. கல்யாண வீட்டுப் படத்துக்கு இதனால் ஒரு நஷ்டமும் இல்லை. இலையில் நமக்கு வேண்டியதோ கழிந்துபோகும் அந்த நுண்ணிய வேறுபாடுதான்.

கொப்புள நோயை எடுத்துக்கொள்வோம். தொடக்கத்தில் அது இளங்கொழுந்தில் குண்டூசித் தலை அளவுக்கு, வெளிச்சம் ஊடுருவும் வெளிறிய புள்ளியாக மட்டுமே தெரியும். பிறகுதான் மேற்பக்கம் குழிந்து, அடிப்பக்கம் புடைத்து, வெல்வெட் போல வெள்ளையாகப் பூக்கும். வெள்ளை பூத்த பின் அந்தப் பூஞ்சையின் வித்துகள் காற்றில் பரவத் தொடங்கிவிடும் என்பதால், கண்டுபிடிக்க வேண்டியது முதல் நிலையில். சிவப்புச் சிலந்தி தாக்கினால் முற்றிய இலையின் மேற்பக்கம் செம்பு நிறத்துக்கு மாறும். தேயிலைக் கொசு என்ற பூச்சி குத்திச் சாறு உறிஞ்சிய இடங்கள் பழுப்புப் புள்ளிகளாகிப் பின்னர் கறுத்துவிடும். இறுக்கப்பட்ட படத்தில் இவை மூன்றும் ஒரே பழுப்புக் கறையாகத்தான் தெரியும். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு என்பதை விவசாயிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

படி 1: எடுப்பது

இங்கே அதிகம் சொல்லப்போவதில்லை. மஞ்சு இறங்கும் நாளில் லென்ஸைத் துடைத்துக்கொள்ளுங்கள், இலையின் மேற்பக்கம் ஒன்று, அடிப்பக்கம் ஒன்று என்று எடுங்கள், வெளிறிய புள்ளி என்றால் இலையை வானத்துக்கு எதிரே பிடித்து இன்னொன்று எடுங்கள்.

நெருங்கி எடுப்பது மட்டும் முக்கியம், அதற்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். ஒரு மீட்டர் அகலமுள்ள செடி முழுவதும் படத்தில் அடங்கினால், 4000 புள்ளிகளில் ஒரு மில்லிமீட்டருக்கு நான்கு புள்ளிகள்தான் கிடைக்கும். அப்போது 2 மில்லிமீட்டர் அகலமுள்ள நோய்ப்புள்ளி எட்டே புள்ளிகளாகிவிடும். அந்தப் படத்தை 1600 புள்ளி அகலத்துக்குச் சுருக்கினால் எட்டு மூன்றாகிவிடும். மூன்று புள்ளிகளைப் பார்த்து எந்த நிபுணரும் நோயைச் சொல்ல முடியாது. அதே படத்தில் 10 சென்டிமீட்டர் அகலம் மட்டும் அடங்குமாறு நெருங்கினால் நோய்ப்புள்ளி 80 புள்ளிகளாகப் பதியும், சுருக்கினாலும் 32 மிஞ்சும். கேமரா மிக நெருக்கத்தில் குவியவில்லை என்றால் ஓரடி தள்ளி நின்று 2 மடங்கு ஜூமில் எடுங்கள்.

படி 2: வெட்டுவது

அனுப்புவதற்கு முன் படத்தை வெட்டுங்கள், சுருக்காதீர்கள். இரண்டும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். வெட்டினால் தேவையற்ற ஓரங்கள் மட்டும் போகும், இலை இருக்கும் பகுதியின் புள்ளிகள் அப்படியே இருக்கும். சுருக்கினால் ஓரங்கள் இருக்கும், இலையின் விவரம் போய்விடும். 4000-க்கு 3000 படத்தில் நடுவிலுள்ள 2000-க்கு 1500 பகுதியை வெட்டி எடுத்தால் கோப்பின் அளவு ஏறத்தாழ கால்வாசியாகிவிடும், இலையில் ஒன்றும் குறையாது.

இதற்குக் கைபேசியின் கேலரியில் உள்ள வெட்டும் கருவியே போதும். இன்னும் கொஞ்சம் வசதி வேண்டுமென்றால் ஸ்னாப்சீட் என்ற செயலி நல்லது, இலவசம், விளம்பரமும் கிடையாது. ப்ளே ஸ்டோரில் "போட்டோ கம்ப்ரஸ்" என்று தேடினால் வரிசையாக வரும் செயலிகளை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. வெட்டும்போது படத்தைப் பளிச்சென்று ஆக்கும் "ஆட்டோ" பொத்தானையும் தொடாதீர்கள். நிறம் மாறிவிட்டால் செம்பு எது, மஞ்சள் எது என்று பார்ப்பவருக்குத் தெரியாது.

படி 3: ஆவணமாக அனுப்புவது

பெரும்பாலானவர்கள் தடுக்கி நிற்பது இந்தப் படியில்தான் என்பதால் இதை விரிவாகவே சொல்கிறேன்.

கேலரியில் படத்தைத் திறந்து, பகிரும் குறியைத் தொட்டு, வாட்ஸ்அப்பைத் தேர்ந்தெடுத்தால் அது படமாகத்தான் போகும், அதாவது இறுக்கப்பட்டுத்தான் போகும். இறுக்காமல் அனுப்ப வேண்டுமென்றால் வாட்ஸ்அப்புக்குள் குழுவைத் திறந்து, செய்தி எழுதும் இடத்தின் அருகிலுள்ள ஊக்குக் குறியைத் தொட்டு, அதில் "கேலரி" என்பதை விட்டுவிட்டு "டாக்குமெண்ட்" என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஐபோனில் ஊக்குக்குப் பதிலாகக் கூட்டல் குறி இருக்கும். கைபேசியைத் தமிழில் வைத்திருப்பவர்களுக்கு இது "ஆவணம்" என்று வரும். உள்ளே போனதும் கேலரியிலிருந்து எடுக்கவா, மற்ற ஆவணங்களில் தேடவா என்று கேட்கும். கேலரியிலிருந்து என்பதைத் தொடுங்கள். "ஆவணம் என்றால் பட்டா, சிட்டா போன்றவற்றுக்கு அல்லவா?" என்று குழுவில் பெரியவர் ஒருவர் கேட்டார். செயலிக்கு எல்லாமே கோப்புதான். ஆவணம் என்று சொல்லிக் கொடுத்தால் அது கோப்பைத் திறந்து கை வைக்காமல் அப்படியே கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

கேலரி வழி வராத பழைய கைபேசிகளில் கோப்புறைகளின் பட்டியல் திறக்கும், அங்கேதான் சிக்கல் காத்திருக்கிறது. கேமராவில் எடுத்த படம் "டிசிஐஎம்" என்ற கோப்புறைக்குள் "கேமரா" என்பதில் இருக்கும். ஸ்னாப்சீடில் வெட்டிய படமோ "ஸ்னாப்சீட்" என்ற தனிக் கோப்புறைக்குப் போயிருக்கும். கோப்புகளின் பெயர்கள் தேதியும் நேரமும் சேர்ந்த நீண்ட எண்களாக இருப்பதால், வெட்டிய படம் என்று நினைத்து வெட்டாத மூலப்படத்தை அனுப்பிவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. பட்டியலைத் தேதி வாரியாக வரிசைப்படுத்தி, மேலே உள்ள முதல் கோப்பை எடுத்தால் இந்தக் குழப்பம் வராது.

சரியாகப் போனதா என்று அனுப்பிய உடனே தெரிந்துகொள்ளலாம். அனுப்பிய செய்தியில் கோப்பின் பெயரும், அதனருகே எத்தனை எம்.பி. என்ற அளவும் தெரிந்தால் அது ஆவணமாகப் போயிருக்கிறது. பெயர் இல்லாமல் படம் மட்டும் தெரிந்தால் இறுக்கப்பட்டுப் போயிருக்கிறது, அழித்துவிட்டு மறுபடி அனுப்புங்கள்.

இவ்வளவு வேலை வேண்டாம் என்பவர்களுக்கு, 2023-இல் வாட்ஸ்அப்பில் வந்த "ஹெச்.டி." பொத்தான் இருக்கிறது. படத்தை அனுப்பும் முன் மேலே தெரியும் அந்தப் பொத்தானைத் தொட்டால் சுருக்குவது குறையும், ஆனால் இறுக்குவது முற்றிலும் நிற்காது. சிவப்புச் சிலந்தி போல இலை முழுவதும் நிறம் மாறும் பாதிப்புக்கு ஹெச்.டி. போதும். தொடக்கநிலைக் கொப்புளத்துக்கு ஆவணமாக அனுப்புவதே சரி. குழுவில் வந்த படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அடுத்த குழுவுக்கு அனுப்புவதை மட்டும் அறவே நிறுத்துங்கள். ஏற்கெனவே விவரம் இழந்த படத்தை அது இன்னொரு முறை இழக்க வைக்கிறது. மூலப்படம் எடுத்தவர் கைபேசியில்தான் இருக்கும், அவரிடமே கேட்டு வாங்குங்கள்.

படத்தோடு நான்கு விவரங்களை எழுதுங்கள்: எந்த ஊர், விதையில் முளைத்த நாற்றுச் செடியா, தண்டு நட்டு வளர்த்த குளோன் செடியா, கடைசியாகக் கவாத்து செய்தது எப்போது, கடைசியாக அடித்த மருந்து எது, எந்தத் தேதியில். படங்கள் பல என்றால் 1, 2, 3 என்று எண் கொடுங்கள். சிக்னலைப் பொறுத்து அவை முன்பின்னாகப் போய்ச் சேரும்.

சிக்னல் இல்லாத இடத்தில்

மஞ்சூர், கெத்தை பக்கம் சரிவுகளில் இருப்பவர்களுக்கு இந்த முறை பொறுமையைச் சோதிக்கும். 4 எம்.பி. கோப்பு, நொடிக்கு 100 கிலோபிட் வேகத்தில் போய்ச் சேர ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் இணைப்பு அறுந்தால் கதை முதலிலிருந்து. வெட்டிய பிறகும் கோப்பு பெரிதாக இருந்தால், ஜேபெக் தரத்தை 80 அல்லது 85-இல் வைத்துச் சேமித்து, அந்தக் கோப்பை ஆவணமாக அனுப்புங்கள். இதற்கு நான் பயன்படுத்துவது ஸ்கூஷ் என்ற இணையக் கருவி. உலாவியிலேயே இயங்கும், படம் உங்கள் கைபேசியை விட்டு வெளியே எங்கும் போவதில்லை, இறுக்குவதற்கு முன்னும் பின்னும் படம் எப்படி இருக்கிறது என்பதை நடுவில் ஒரு கோட்டை நகர்த்தி ஒப்பிட்டுப் பார்க்கலாம். கோட்டை நோய்ப்புள்ளியின் மேல் நிறுத்திப் பாருங்கள். இரு பக்கமும் வேறுபாடு தெரியாத வரை தரத்தைக் குறைக்கலாம்.

படி 4: பார்ப்பது

அனுப்புகிறவர் எல்லாவற்றையும் சரியாகச் செய்தும், பார்ப்பவர் பக்கத்தில் காரியம் கெடுவதுண்டு. டேட்டாவை மிச்சப்படுத்தத் தானாகப் பதிவிறங்குவதை நிறுத்தி வைத்திருப்பவர்களுக்கு முதலில் தெரிவது மங்கலான முன்னோட்டம்தான். அதைத் தொட்டு, முழுவதும் இறங்கிய பிறகு, இரண்டு விரலால் விரித்துப் பார்த்துவிட்டுப் பதில் எழுதுங்கள். பல வாரங்கள் கழித்துத் தொட்டால் மீண்டும் அனுப்பச் சொல்லுங்கள் என்ற செய்தி வரும் என்பதால், வேண்டிய படத்தை அன்றே இறக்கி வைத்துக்கொள்வது நல்லது.

நிறம் பற்றி ஒரு எச்சரிக்கை. பல கைபேசிகளில் மாலையானதும் திரை தானாக மஞ்சளாக மாறும்படி "நைட் லைட்" அல்லது "ஐ கம்ஃபர்ட்" என்ற அமைப்பு இருக்கிறது. குழுவில் படங்களைப் பார்ப்பதோ வேலை முடிந்து வீடு திரும்பிய பிறகு, அந்த நேரத்தில்தான். அந்தத் திரையில் ஆரோக்கியமான முற்றிய இலைகூடச் செம்பு நிறம் காட்டும். சிவப்புச் சிலந்தி என்று அவசரமாகச் சொல்லும் முன் அந்த அமைப்பை அணைத்துவிட்டுப் பாருங்கள். கணினியில் பார்ப்பவர்கள் கோப்பை இறக்கி, 100 விழுக்காடு அளவில் வைத்துப் பார்த்தால்தான் ஆவணமாக அனுப்பியதன் பயன் கிடைக்கும்.

இடக்குறிப்பு

படமாக அனுப்பும்போது படம் எங்கே எடுக்கப்பட்டது என்று அதற்குள் பதிந்திருக்கும் இடக்குறிப்பை வாட்ஸ்அப் நீக்கிவிடுகிறது. ஆவணமாக அனுப்பினால் அதுவும் சேர்ந்தே போகும். தோட்டத்தை ஒட்டி வீடு இருப்பவர்கள் இதைத் தெரிந்திருக்க வேண்டும். கேமரா அமைப்பில் "லொக்கேஷன்" என்பதை அணைத்தால் போதும். ஐபோனில் பகிரும் திரையின் மேலே "ஆப்ஷன்ஸ்" என்பதற்குள் சென்றும் நிறுத்தலாம். சோலைக்காட்டில் அரிய ஆர்க்கிட் பூவைக் கண்டு பகிர்கிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். செடி, உயிரினப் படங்களைப் பதிவிடும் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளம் அழிவுநிலையில் உள்ள இனங்களின் இடத்தைத் தானே மறைத்துக் காட்டும், வாட்ஸ்அப் அப்படி எதையும் செய்யாது.

பின்சேர்க்கை

ஐபோனிலிருந்து ஆவணமாக வந்த படம் தன் கைபேசியில் திறக்கவில்லை என்று குன்னூரிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். 2017-இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் ஐபோன் படங்களை ஹெச்.இ.ஐ.சி. என்ற வடிவில் சேமிக்கிறது, பழைய ஆண்ட்ராய்டு கைபேசிகள் சிலவற்றுக்கு அது புரியாது. ஐபோன் வைத்திருப்பவர் செட்டிங்ஸில் கேமரா, அதற்குள் ஃபார்மட்ஸ் என்று போய் "மோஸ்ட் கம்பாட்டிபிள்" என்பதைத் தேர்ந்தெடுத்தால், அதற்குப் பிறகு எடுப்பவை ஜேபெக்காகவே சேமிக்கப்படும். முன்பே எடுத்தவை மாறாது.

இன்னொருவர், ஆவணமாக வந்த படங்கள் கேலரியில் தெரியவில்லை என்றார். ஆண்ட்ராய்டில் அவை கோப்பு மேலாளரில் "வாட்ஸ்அப் டாக்குமெண்ட்ஸ்" என்ற கோப்புறையில் இருக்கும்.

கூகுள் டிரைவில் ஏற்றி லிங்க் அனுப்பலாமா என்று கேட்டவர்களுக்கு: அனுப்பலாம், முப்பது நாற்பது படம் என்றால் அதுவே மேல். ஆனால் டிரைவில் பகிர்வு முதலில் "ரெஸ்ட்ரிக்டட்" என்றுதான் இருக்கும், திறப்பவர் எல்லாருக்கும் அனுமதி கேட்கும் பக்கம் வரும். "லிங்க் உள்ள எவரும்" என்று மாற்றி, உங்கள் கணக்கில் நுழையாத இன்னொரு கைபேசியில் திறந்து பார்த்துவிட்டுக் குழுவில் போடுங்கள்.