தெர்மாமீட்டர் உடைந்தால் துடைப்பத்தை எடுக்காதீர்கள்

காய்ச்சல் பார்க்கும், உள்ளே பாதரசம் உள்ள பழைய கண்ணாடி தெர்மாமீட்டர் கைதவறி உடைந்தால், முதலில் குழந்தைகளை வெளியே அனுப்பிவிட்டு ஃபேனையும் ஏசியையும் நிறுத்துங்கள். வெளிப்பக்க ஜன்னலைத் திறந்து, மற்ற அறைகளுக்குப் போகும் கதவைச் சாத்துங்கள். மோதிரம், வளையலைக் கழற்றி வையுங்கள், பாதரசம் தங்கத்தோடு கலந்துவிடும்.

துடைப்பமும் வேக்குவம் கிளீனரும் வேண்டவே வேண்டாம். பெருக்கினால் ஓர் உருண்டை நூறாகச் சிதறும், சிதறச் சிதற ஆவியாவதும் வேகமெடுக்கும். ஆபத்தே அந்த ஆவிதான். நிறமோ வாடையோ இல்லாமல் மூச்சோடு போய், நுரையீரல் வழியாக ரத்தத்தில் கலந்துவிடும்.

கையுறை போட்டுக்கொண்டு இரண்டு கெட்டி அட்டைகளால் உருண்டைகளை ஒன்றாகத் தள்ளி, ஊசி கழற்றிய சிரிஞ்சால் உறிஞ்சுங்கள். டார்ச்சைத் தரையோடு சாய்த்து அடித்தால் ஒளிந்திருப்பவை மின்னும், அவற்றை செல்லோ டேப்பால் ஒற்றி எடுங்கள். அட்டை, டேப் உட்பட எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு இறுக்கி மூடுங்கள்.

சரி, ஒரு கிராம் அளவுதானே, குப்பையோடு போட்டால் என்ன என்று கேட்பார்கள். குப்பை எரிந்தால் அது முழுக்கக் காற்றுக்குப் போகிறது. பாதரச ஆவி தண்ணீரில் அவ்வளவாகக் கரையாததால் மழையாலும் அதைக் கழுவி இறக்க முடியாது, மாதக்கணக்கில் மிதந்து கண்டம் விட்டுக் கண்டம் போகும். வழியில் புரோமின் (கடல் உப்பிலும் இருக்கும் ஒரு தனிமம்) அணுக்கள் போன்றவை பிடித்து ஆக்சிஜனேற்றம் செய்த பிறகுதான் கரையும் சேர்மமாக மாறி, மழையோடும் தூசியோடும் இறங்குகிறது. 1995 வசந்தத்தில் கனடாவின் வடகோடியில் உள்ள அலர்ட் ஆய்வு நிலையத்தில், காற்றிலிருந்த பாதரசம் திடீர் திடீரென மறைந்ததைப் பார்த்தார்கள். துருவ இரவு முடிந்து வெயில் வந்ததும், கடல்பனியின் உப்பிலிருந்து கிளம்பிய புரோமின் செய்த வேலை அது. எந்த ஆலையும் இல்லாத அந்தப் பனிப்பரப்பில் யாரோ எங்கோ விட்ட பாதரசம் படிகிறது என்பது என்னை இன்னும் உறுத்துகிறது. படிந்ததில் ஒரு பகுதியை வெயில் மறுபடி ஆவியாக்கி மேலே அனுப்பும். மிச்சம் தண்ணீரில் சேர்ந்தால் சேற்றிலுள்ள பாக்டீரியா அதை உடலில் சேரும் நச்சான மீத்தைல் பாதரசமாக்கும், அப்புறம் சின்ன மீன், பெரிய மீன், நம் தட்டு.

அதனால் சாக்கடையிலும் ஊற்றாதீர்கள். பாட்டிலில் 'பாதரசம்' என்று எழுதி ஒட்டி, உங்கள் நகராட்சி அல்லது ஊராட்சியில் வீட்டு அபாயக் கழிவு என்று சொல்லித் தனியாகக் கொடுங்கள். 2016 திடக்கழிவு விதிகளிலேயே உடைந்த பாதரச தெர்மாமீட்டர் அந்த வகையில்தான் சேர்க்கப்பட்டது. அறையின் ஜன்னல் ஒரு நாள் முழுக்கத் திறந்தே இருக்கட்டும்.