களவா மீன்: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தூண்டில் முனை மழுங்குவது, இரை நொந்துபோவது, நங்கூரம் பாரில் (கடலடிப் பாறைத் திட்டில்) மாட்டிக்கொள்வது பற்றி இங்கே எழுதப்போவதில்லை. இரண்டு நாள் வெறுங்கையோடு கரை திரும்பினால் தானே புரிந்துவிடும். களவா (குரூப்பர்) பிடிக்கவும் கூண்டில் வளர்க்கவும் புதிதாக வருகிறவர்கள், அந்த மீனின் உடம்பும் வாழிடமும் தெரியாமல் செய்பவை வேறு. ஒரு காலத்தில் நாங்களும் செய்தவைதான்.

வாயில் பிதுங்கும் பையைக் குத்துவது

15 பாக ஆழத்திலிருந்து, அதாவது ஏறத்தாழ 27 மீட்டரிலிருந்து, களவாவைத் தூக்கினால் வயிறு உப்பி, கண் பிதுங்கி, வாய்க்குள் பலூன் போல ஒரு பை தள்ளிக்கொண்டு நிற்கும். "காத்துப்பை வெளிய வந்துடுச்சு, குத்தி விடுடா" என்பார் ஒருவர். இன்னொருவர் தூண்டில் முள்ளாலேயே குத்திவிடுவார். பை சுருங்கும், மீன் நீந்தும், எல்லோருக்கும் திருப்தி. சில நாளில் அது கூண்டில் செத்து மிதக்கும்போது பழி தண்ணீர் மேல் போகும்.

குத்தியது இரைப்பையை! எத்தனை முறை சொன்னாலும் இது நிற்பதில்லை. மீன் மிதக்க உதவும் காற்றுப்பை முதுகெலும்புக்குக் கீழே, உடம்புக்குள் இருக்கிறது. களவாவுக்கு அந்தப் பையையும் குடலையும் இணைக்கும் குழாய் கிடையாது என்பதால் வாய் வழியே காற்றை விட முடியாது. 30 மீட்டரில் அழுத்தம் மேற்பரப்பைப் போல 4 மடங்கு. மேலே வரும்போது அதே காற்று 4 மடங்கு விரிந்து பையைக் கிழித்து, இரைப்பையைப் புரட்டி வாய்க்கு வெளியே தள்ளுகிறது. அதை விரலாலோ குச்சியாலோ உள்ளே அழுத்தவும் கூடாது. காற்று இறங்கினால் தானே உள்ளே போகும்.

உயிரோடு வேண்டிய மீனுக்குச் செய்ய வேண்டியது: ஈரத் துணியில் பக்கவாட்டில் கிடத்துங்கள். நெஞ்சுத் துடுப்பின் அடியிலிருந்து 3 முதல் 5 செ.மீ. பின்னால் ஒரு செதிலைத் தூக்கி, உள்ளே துளையுள்ள 16 கேஜ் ஊசியை அதன் கீழே 45 பாகை சாய்வில் செலுத்துங்கள். சிறிய மீனென்றால் தூரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். 'புஸ்' என்ற சத்தம் கேட்டதும் அதற்குமேல் ஆழம் போக வேண்டாம். வயிற்றை மெல்ல அழுத்தினால் மிச்சக் காற்றும் வரும். கத்தியும் ஆணியும் போட்ட ஓட்டை புண் வைக்கும்.

திரும்ப விடப்போகும் சிறு மீனைக் குத்தவே வேண்டாம். எதிர்முள்ளை நசுக்கிய தூண்டிலின் வளைவில் கயிறும், வழக்கமாகக் கயிறு கட்டும் அதன் காதில் 1 அல்லது 2 கிலோ ஈயமும் கட்டி, கீழ்த்தாடையில் மாட்டி, பிடித்த ஆழத்துக்கே இறக்குங்கள். கயிற்றைச் சுண்டினால் கழன்றுவிடும்.

மெதுவாக இழுத்தால் சரியாகிவிடும் என்றும் சிலர் வாதிடுவார்கள். காற்று ரத்தம் வழியாகக் கரைந்து வெளியேறப் பல மணி நேரம் ஆகும். ஐந்து நிமிடத் தாமதம் எதையும் மாற்றாது. மோசமானது கடைசி 10 மீட்டர்: அங்கே மட்டும் காற்று இரட்டிப்பாகிறது.

ஒரே அளவில் தாய்மீன் சேர்ப்பது

களவா முதலில் பெண்ணாகப் பருவமடைந்து, பிறகு ஆணாக மாறும். ஆரஞ்சுப் புள்ளிக் களவா 25–30 செ.மீ. நீளத்தில், 2–3 வயதில், பெண்ணாக முதிர்கிறது, 55–75 செ.மீ.யில் மாறுகிறது. ஆகவே குஞ்சு பொரிக்க வைக்க 40 செ.மீ. மீன்களாகப் பத்து பொறுக்கினால் கூண்டு முழுக்கப் பெண்கள். பாரிலும் இதே கணக்குதான். பெரியதையே குறிவைத்துப் பிடித்தால் காலியாவது ஆண்கள்.

தரைமீன் என்றதும் சேற்றில் தேடுவது

வளர்ந்த களவா பாரின் பொந்து, பாறை இடுக்கு, மூழ்கிய கப்பல் என்று ஒதுங்கிக் கிடக்கும். இரையைத் துரத்தாது, அருகே வந்ததும் வாயைப் பிளந்து உறிஞ்சும். இரை பொந்தருகே விழாவிட்டால் வீண். குஞ்சுகளோ கழிமுகங்களிலும் அலையாத்தி வேர்களிடையிலும் மணல், சேற்றுத் தரையில் வளரும்.

எல்லாவற்றையும் 'டவ்வினா' என்பது

பழைய வளர்ப்புக் குறிப்புகளில் எபிநெஃபெலஸ் டவ்வினா என்ற அறிவியல் பெயரில் வருவது பெரும்பாலும் கோயாய்டஸ் அல்லது மலபாரிகஸ் என்ற வேறு களவா இனம். ஆரஞ்சு கலந்த பழுப்புப் புள்ளி என்றால் முன்னது. கரும்புள்ளிகளோடு வெளிறிய திட்டுகளும் இருந்தால் பின்னது.

தீவுப் பாரில் தூண்டில்

மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி இருப்பது கடல்சார் தேசியப் பூங்கா. போடாதீர்கள்.

குஞ்சுகளைக் கலந்து விடுவது

பெரியது சிறியதை விழுங்கும். வாரம் ஒருமுறை அளவு பார்த்துப் பிரித்து விடுங்கள்.